ஆவுடையப்பன் அவுட்

இதில் ஓர் எழுத்து பொய்யென்றால் என் மீசையில் பாதி உதிர்ந்து போகட்டும். அத்தனையும் சத்தியம்.

செம்மண்குளம் கபடிக் கழகத்தில், பழைய வீரர்களின் படங்களை மாட்டுவதற்கென்றே ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். சாயங்காலம் திறப்பு விழா. ஒரே ஓர் ஆணிதான் காலி.

கழகச் செயலாளர் ஆவுடையப்பனுக்கு வயது அறுபத்திரண்டு. தன் படத்தைச் சட்டம் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விசில் சாமியிடம் ஓடினார்.

சாமி அவருக்கு இருபது வயது இளையவர். கபடி நடுவராக இருந்து துறவியானவர். கழுத்தில் உருத்திராட்சம் கிடையாது, விசில்தான்.

"சாமி, அந்தச் செவுத்துல ஏற என்னதான் தகுதி வேணும்? கமிட்டிக்காரனுங்க என் படத்த மாட்ட மாட்டேங்கிறானுங்க!"

"என்ன செஞ்சீங்க?"

"அறுநூத்திப் பன்னெண்டு பேர அவுட்டாக்கியிருக்கேன். ஒருதடவ மூச்சு விடாம பாடுனேன் பாருங்க, ஜனங்க வீட்டுக்குப் போயி மீன்குழம்பு சாப்பிட்டுத் திரும்பி வர்றாங்க, நான் இன்னும் கபடி கபடின்னு நிக்கிறேன்!"

"நீங்க எத்தன தடவ அவுட்?"

"அது கெடக்கு. எரநூறு இருக்கும்."

"வெளிய போன ஆளு எப்படி உள்ள வந்தீங்க?"

"நடுவரா இருந்துட்டு இதக் கேக்குறீங்களே! நம்மாளு ஒருத்தன் எதிராளியத் தொட்டுட்டு வந்தா, வெளிய இருக்கிறவனுக்கு உயிர் வந்துரும்."

"தொட்டது யாரு?"

ஆவுடையப்பன் காதைச் சொறிந்தார்.

"பெரும்பாலும் கொம்பையா. பூனை மாதிரி போவான், எவனாவது ஒருத்தன் கட்டைவிரலத் தொடுவான், ஓடி வந்துருவான். ரெண்டாவது ஆளுக்கு ஆசையே படமாட்டான். அதையெல்லாம் யாரு சாமி எண்ணுனா?"

சாமி விசிலை ஊதினார். கையை வாசல் பக்கம் நீட்டினார்.

நாற்பது வருஷப் பழக்கம் விடுமா? ஆவுடையப்பன் மறுபேச்சில்லாமல் எழுந்து போய், வாசலுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

"சாமி, நான் எப்ப உள்ள வர்றது?"

சாமி உள்ளே விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியது. எறும்பும் ஏறியது. யாராவது வருகிறார்களா என்று தெருவையே எட்டி எட்டிப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, மடியில் இருந்த சட்டத்தைத் திருப்பினார். பின்பக்க அட்டையை நெம்பி, தன் படத்தை உருவி எடுத்தார்.

"சாமி! கொம்பையா படம் ஒண்ணுகூட யார்கிட்டயும் இல்லையே!"

"ஆளு பஸ் ஸ்டாண்டுல கொய்யாப்பழம் விக்கிறாரு. கூட்டிட்டு வந்து அந்தக் காலி ஆணிக்குக் கீழ நாற்காலி போடுங்க."

இந்தக் கதையை யார் சொன்னது என்று எவராவது மடக்கினால், எதிரணிக்காரன் சொன்னான் என்று சொல்லிவிடுங்கள். என் பேர் மட்டும் வேண்டாம்.