அந்தரத்துத் தக்காளி

பூக்காரி வடிவு குடியிருந்த ஒற்றை அறைக்கு முற்றமே கிடையாது. "ஒரு தக்காளிச் செடி வச்சுக்கட்டுமா, ஐயா?" என்று வீட்டுக்காரர் சதானந்தத்திடம் கேட்டாள்.

"தரை, சுவர், மாடி எல்லாம் என்னுது. எதிலயும் வைக்கக்கூடாது. வேணும்னா அந்தரத்துல வளர்த்துக்கோ!" என்று அவர் தெருவே கேட்கும்படி சிரித்தார்.

வடிவு, வீட்டு வாசலை ஒட்டித் தெருவில் நிற்கும் தன் தள்ளுவண்டியின் கூரைக் கம்பியில் பழைய பெயிண்ட் வாளிகளைக் கட்டித் தொங்கவிட்டு, மண் நிரப்பி விதை போட்டாள். தக்காளி சிவந்து தொங்கியதும், போகிறவர் வருகிறவரெல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள்.

சதானந்தம் ஓடிவந்தார். "என் வாசல்ல காய்ச்சதெல்லாம் எனக்குத்தான்!"

"தரையும் சுவரும் மாடியும் உங்களுது, ஐயா. அந்தரத்தை எப்போ வாங்கினீங்க?" என்றாள் வடிவு.

கூடியிருந்தவர்கள் சிரிக்க, அவர் உள்ளே போய்விட்டார். சற்று நேரத்தில் அவர் மனைவி ஓட்டைக் குடம் ஒன்றோடு வெளியே வந்தாள்.

"வடிவு, இதுல கத்தரி வருமா?"