சிரித்துத் தலையாட்டியவர்

“நான் என்ன தப்பு பண்ணிட்டேன், மேடம்?”

பரமானந்தம் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் போட்டார். கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். மாநாட்டு மொழிபெயர்ப்புக்குப் புதியவர். தொழில் சொல்லிக்கொடுத்த நஸ்ரினுக்கு அவர் மகள் வயது.

நஸ்ரின் மைக்கை அணைத்தாள்.

மொழிபெயர்ப்பாளர்களின் கண்ணாடி அறைக்கு வெளியே அரங்கம் சாப்பாட்டுக்குக் கலைந்துகொண்டிருந்தது. மீனவர் மிக்கேலின் நாற்காலி மட்டும் முன்பே காலியாகிவிட்டது.

சரக்குக் கப்பல் மோதி மிக்கேலின் தம்பி கடலோடு போனான். கப்பல் கம்பெனியின் வெளிநாட்டு அதிகாரியை நேருக்கு நேர் கேட்கத்தான் அவர் வந்திருந்தார்.

கேட்டும்விட்டார்.

“உன் கப்பல் என் தம்பியைக் கொன்னுட்டு நிக்காமப் போச்சு. நீயெல்லாம் மனுசனா?”

அதிகாரியின் காதில் விழுந்தது பரமானந்தத்தின் ஆங்கிலம். நடந்த சம்பவம் வருத்தத்துக்குரியது. தங்கள் ஒத்துழைப்பை எதிர்பார்க்கிறோம்.

அதிகாரி புன்னகைத்துத் தலையாட்டினார்.

“சிரிக்கிறான் பாரு” என்று மிக்கேல் எழுந்து போய்விட்டார்.

“அப்படியே சொன்னா அந்த ஆள் எழுந்து போயிருப்பார், மேடம். பேச்சு முறியக் கூடாதுன்னுதானே பூசி மெழுகினேன்? இப்ப மிக்கேல் முகம் கண்ணுக்குள்ளேயே நிக்குது. நெஞ்சை அடைக்குது.”

நஸ்ரின் புன்னகைத்துத் தலையாட்டினாள்.

“நன்றி, சார். உங்கள் கருத்தைக் கவனத்தில் எடுத்துக்கொள்கிறோம்.”

பரமானந்தத்துக்குச் சுர்ரென்று ஏறியது.

“நெஞ்சை அடைக்குதுங்கறேன். சிரிக்கிறீங்க?”

அவள் மறுபடியும் தலையாட்டினாள். அதே புன்னகை.

திட்டுவதற்கு வாயெடுத்தவர் அப்படியே நின்றார்.

பிறகு கதவைத் திறந்துகொண்டு ஓடினார்.

மிக்கேல் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார்.

“நீங்க சொன்னது அவருக்குப் போய்ச் சேரலை. இங்கிலீஷ்ல சொன்ன நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்.”

மிக்கேல் ஏற இறங்கப் பார்த்தார்.

“படிச்ச ஆளுதானே நீ?”

“ஆமா.”

“அப்புறம் என்ன கேடு?”

பேருந்து வந்தது. மிக்கேல் படியில் கால் வைத்தார்.

“இன்னொரு தடவை சொல்லுங்க. ஒரு சொல்லும் விடமாட்டேன்.”

நடத்துனர் விசில் அடித்தார். மிக்கேல் காலைப் படியிலிருந்து கீழே வைத்தார்.

பிற்பகலில் மிக்கேல் மறுபடியும் சொன்னார். கத்தவில்லை. ‘என் தம்பி’ என்று பரமானந்தமும் ஆங்கிலத்தில் தொடங்கினார். ‘மனுசனா’ வரைக்கும் சொல்லி முடித்தார்.

அதிகாரியின் முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் எழுந்து போகவும் இல்லை. மைக்கை இழுத்து ஒன்று கேட்டார்.

பரமானந்தம் அதைத் தமிழில் சொன்னார்.

“உங்க தம்பி பேரு என்ன?”

மிக்கேல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.