வானமாமலையின் ஐந்நூறு அடி

மேலப்புழுதியூர்க்காரர்களைப் பற்றி வெளியூரில் ஆயிரம் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஜனங்கள் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறார்கள்?

அந்த ஊர் அம்மன் கோவிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. பக்கத்து ஊர்க் கும்பாபிஷேகத்தில் ஹெலிகாப்டரில் பூத் தூவியிருந்தார்கள். நாமும் தூவாவிட்டால் மானம் போய்விடும் என்று தர்மகர்த்தா சுடலைக்கண்ணு அலையாய் அலைந்தார். ஹெலிகாப்டர் கிடைக்கவில்லை. இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம்தான் கிடைத்தது. ஓட்டுவதற்கு உள்ளூர் ஆளே இருந்தார். லாரி ஓட்டிக்கொண்டிருந்த வானமாமலை, விமானம் ஓட்டவும் படித்து லைசென்ஸ் வாங்கியிருந்தார். எப்படி வாங்கினார் என்பது அவருக்கே ஆச்சரியம்.

ஒத்திகைக்கு முன் சுடலைக்கண்ணு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பூ ஒண்ணுகூட வீணாகப்பிடாது வே. கலசத்துமேல வச்ச மாதிரி விழணும்."

வானமாமலை வைக்கத்தான் போனார். போகிற வழியில் இரண்டு கொடி ஈரத்துணியும், மைக் செட் கொம்பையாவின் குழாய் ஒலிபெருக்கியும், ஒரு பனையின் கொண்டையும் விமானத்தோடு வந்துவிட்டன. கலசம் தப்பியது அம்மன் புண்ணியம்.

மறுநாளே விமானத் துறை அதிகாரி ஒருவர் வந்து கத்து கத்தென்று கத்தினார். தாழப் பறந்தால் மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது, எஞ்சின் நின்றால் சுதாரிக்க நேரம் இருக்காது, பறவை மோதினால் கதை முடிந்தது என்றார். 'ஐந்நூறு அடிக்குக் கீழே இறங்க மாட்டேன்' என்று வானமாமலையிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் கோவில் கமிட்டி கூடியது.

"கம்பி கண்ணுக்குத் தெரியாதாம்லா? செவப்புத் துணி கட்டிருவோம்" என்றார் கொம்பையா.

"ஊர்ல எத்தனை கம்பி கெடக்கு! எல்லாத்துலயும் கட்ட முடியுமா? விமானம் ஒண்ணுதான. அதுல கட்டும். கம்பி பாத்து ஒதுங்கிக்கிடும்" என்றார் சுடலைக்கண்ணு.

இந்த அறிவுக்காகத்தான் அவரை மூன்று முறை தர்மகர்த்தா ஆக்கியிருந்தார்கள்.

கும்பாபிஷேகத்தன்று, வறண்டு கிடந்த குளத்திலிருந்து சிவப்புத் துணி படபடக்க விமானம் எழும்பியது. ஐந்நூறு அடிக்குப் போய்ப் பூவைக் கொட்டினார் வானமாமலை. காற்று அதைப் பொறுப்பாக எடுத்துப் போய்ப் பக்கத்து ஊர் ஆட்டுச்சந்தையில் போட்டது. ஆடுகள் ஒரு இதழ்கூட மிச்சம் வைக்கவில்லை.

அது போகட்டும். விமானம் இறங்கவே இல்லை. சுற்றிச் சுற்றி வந்தது. வானமாமலையின் மனைவி பிரம்மசக்தி செல்போனில் கூப்பிட்டாள்.

"என்னங்க, சாப்பிட வரலையா?"

"எப்படி எறங்குவேன்? ஐநூறு அடிக்குக் கீழ எறங்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுருக்கேன்லா!"

"பெட்ரோல் இருக்கா?"

"அரை மணி நேரத்துக்கு வரும்."

பிரம்மசக்தி அழுதுகொண்டே கமிட்டியிடம் ஓடினாள். "அண்ணாச்சி, பெட்ரோல் தீந்துட்டா மனுசன் விழுந்துருவாரே!"

"விழுந்தாலும் ஐநூறு அடிக்குக் கீழ வரப்பிடாதே" என்று கொம்பையா கவலைப்பட்டார்.

சுடலைக்கண்ணு கண்ணை மூடி யோசித்தார். கால் மணி நேரம் யோசித்தார். "அவரு எறங்கத்தான முடியாது? தரையை எறக்கினா என்ன வே?"

"ஐநூறு அடி தோண்டணுமே அண்ணாச்சி" என்றார் கொம்பையா.

"தோண்டித்தான கெடக்கு!"

உண்மைதான். குளத்து நடுவில் பஞ்சாயத்து போட்ட ஆழ்துளைக் கிணறு ஒன்று இருந்தது. தண்ணீர் வராததால் இரும்பு மூடி போட்டு வைத்திருந்தார்கள். மூடியைத் திறந்து, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, முழம் முழமாக அளந்தார்கள். ஐந்நூற்றிருபது அடி. மேலே எஞ்சின் இருமத் தொடங்கியிருந்தது. அவசரத்தில் தப்பு வந்துவிடக் கூடாதே என்று இன்னொரு முறையும் அளந்தார்கள்.

சுடலைக்கண்ணு போனில் கத்தினார். "வானமாமலை, போர்க்குழிப் பக்கமா வந்து நில்லும் வே! அங்க தரை ஐநூத்தி இருவது அடி கீழ கெடக்கு. உமக்கு இருவது அடி மிச்சம்!"

சட்டப்படி எல்லாம் சரியாகிவிட்டதால் வானமாமலை நிம்மதியாக வந்தார். சக்கரம் மண்ணைத் தொட்டது. பெட்ரோலும் தீர்ந்தது. விமானம் குழியருகே நின்றது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி பிரம்மசக்தி சோற்றுத் தூக்கோடு ஓடினாள்.

"எறங்கி வாங்க!"

வானமாமலை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். சட்டென்று மூடிக்கொண்டார். "ஐநூத்தி இருவது அடியிலேர்ந்து குதிக்கச் சொல்லுதியா? எலும்பு தேறுமா?"

நியாயம்தான் என்று கமிட்டி ஒப்புக்கொண்டது. ஊரில் உள்ள ஏணிகளையெல்லாம் வாங்கி வரக் கொம்பையா ஓடினார்.

"அதுவரைக்கும் பசியோட இருக்காதீங்க" என்று பிரம்மசக்தி ஜன்னல் வழியே தூக்கை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. அவள் மெல்லத் தன் காலைப் பார்த்தாள்.

"ஐயையோ, நானும் மேலதான் நிக்கேன்!" என்று அலறி இறக்கையைக் கட்டிப்பிடித்தாள்.

கமிட்டியும் குனிந்து தங்கள் காலைப் பார்த்தது. அடுத்த நொடி ஆளுக்கொரு பக்கமாக ஊரே விமானத்தில் தொற்றிக்கொண்டது.

"கெட்டியாப் பிடிச்சுக்கோங்க! யாரும் கீழ பாக்காதீங்க!" என்று வாலில் தொங்கியபடி சுடலைக்கண்ணு தைரியம் சொன்னார். பிறகு அவரே புலம்பினார். "நம்மளாவது பரவால்ல. அந்தக் கொம்பையாப் பய, பிடிக்க ஒண்ணுமே இல்லாம வெறுங்கையோட நடந்து போறானே!"