கோடும் வட்டமும்

ஆறு கரைபுரண்டு ஓடிய நாளில் படையை அக்கரை சேர்க்க மறுத்ததற்காக நான்கு ஓடக்காரர்கள் சிறையில் கிடந்தார்கள். அவர்களில் ஒருவன் காத்தாயியின் கணவன் வேம்படியான். சாகும் தறுவாயில் ராஜா, அவர்களைப் பற்றி, "எல்லாரையும் விட்டுவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

தர்க்கத்துக்கென்றே குறிகள் உண்டாக்கியவர் நாகநாத பண்டிதர். சபையில் பலகையில் ஒரு வட்டம் போட்டார், அது 'எல்லாரும்'. அதற்குப் பின்னால் ஒரு கோடு இழுத்தார், அது 'இல்லை'.

"எல்லாருக்கும் விடுதலை இல்லை. ஒருவனையும் விடக் கூடாது. என் குறியில் எழுதிவிட்டால் இரண்டாவது அர்த்தமே கிடையாது" என்றார்.

"மறுத்துச் சொல்ல யாராவது உண்டா?" என்று கேட்டார் புது ராஜா.

காத்தாயி எழுந்தாள். "சாமி, அந்தக் கோட்டை வட்டத்துக்கு முன்னால போட்டா?"

"எல்லாரையும் விடுவது என்பது இல்லை. சிலரை விடலாம்" என்றார் பண்டிதர் அலட்சியமாக.

"பெரிய ராஜா வாயால சொன்னாரே, அதுல கோடு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

பண்டிதர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். ராஜா சிரித்துவிட்டார்.

"சந்தேகம் வந்தபின் அடைத்து வைப்பது நியாயமில்லை. விடுகிறேன். ஆனால் நீ சொன்ன அர்த்தத்திலும் எல்லாரையும் விட முடியாதே, அம்மா. ஒருவன் உள்ளே இருந்தாக வேண்டும். யார் என்று அவர்களே முடிவு செய்யட்டும்."

காத்தாயி அதை யோசித்திருக்கவில்லை.

சிறையில் சேதி சொன்னதும் மற்ற மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். "இவங்க பிள்ளைகுட்டிக்காரங்க, காத்தாயி. நான் இருந்துக்கிறேன்" என்றான் வேம்படியான்.

அதற்கப்புறம் ஊரில் யார் அவளைக் கெட்டிக்காரி என்று சொல்ல வாயெடுத்தாலும், காத்தாயி எழுந்து போய்விடுவாள்.