போட்டோவில் இல்லாத பக்கம்

கொள்ளிடம் கடலில் கலக்கும் பக்கம் நண்டுத்திட்டு என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்களுக்கு மூளை இல்லை என்று சிலர் சொல்வார்கள். அது அபாண்டம். மூளை இருந்தது, தேய்ந்துவிடுமே என்று எடுத்து வைத்திருந்தார்கள்.

அப்படிப் பத்திரமாக வைத்திருந்தவர்களில் ஏகாம்பரமும் அவன் தம்பிகள் கலியபெருமாளும் சம்பந்தமும் முக்கியமானவர்கள். செத்துப்போன அப்பா நாகப்பன் விட்டுப்போன சொத்து ஒரு மோட்டார் படகு. பதினைந்து வருஷமாக அதில் கோழிகள் குடியிருந்தன.

ஏகாம்பரத்துக்குக் காயலின் அக்கரையிலிருந்த தில்லைநாயகியின் மேல் ஆசை. ஒருநாள் சந்தையில் அவன் மீன்கூடையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு, மீன் எங்கே போயிற்று என்று தேடியபோது அவள் சிரித்தாள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. நேரே போய் அவள் அப்பா பக்கிரிசாமியிடம் பெண் கேட்டான்.

பக்கிரிசாமி நாகப்பனின் பழைய சிநேகிதர். பெட்டியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார்.

"உங்கப்பன் படகு வாங்கின அன்னிக்குப் புடிச்சது. படகுல நிக்கிறது அவன். ஓரத்துல பாதியா நிக்கிறது நான். என் மீதிப் பாதியைப் போட்டோக்காரன் வெட்டிப்புட்டான். அந்தப் படகைச் சரிபண்ணு. இதுல எப்படி நிக்குதோ, ஒரு மாத்தம் இல்லாம, தை முதல் வெள்ளி என் துறையில வந்து நிக்கணும். நின்னா பொண்ணு உனக்கு. இல்லேன்னா சீர்காழி மளிகைக்கடைக்காரருக்கு. அவரும் கேட்டுக்கிட்டிருக்காரு."

அண்ணன் தம்பிகள் கோழிகளைக் கெஞ்சிக் கூத்தாடி இறக்கினார்கள். ஒரு கோழி மட்டும் அடைகாத்துக்கொண்டிருந்ததால் அதை விட்டுவிட்டார்கள். பிறகு போட்டோவை நடுவில் வைத்து உட்கார்ந்தார்கள்.

"படகு பச்சைன்னு ஞாபகம்ண்ணே," என்றான் கலியபெருமாள்.

"உன் ஞாபகம் பெருசா, போட்டோ பெருசா?" என்றான் ஏகாம்பரம்.

போட்டோவில் பச்சை இல்லை. கறுப்பு, வெள்ளை, சாம்பல், அவ்வளவுதான். அப்படியே பூசினார்கள். போட்டோவை யாரோ மடித்து வைத்ததில் நடுவே ஒரு வெள்ளைக்கோடு விழுந்து, அப்பாவின் உச்சந்தலையிலிருந்து படகின் அடிவரை இறங்கியிருந்தது. படகின் மேல் சுண்ணாம்பால் அந்தக் கோட்டையும் இழுத்தார்கள்.

ஒரு பக்கம் ஓட்டையெல்லாம் அடைத்து முடித்தபோதுதான் பெரிய சிக்கல் வந்தது.

"அண்ணே, மறுபக்கம் போட்டோவுல இல்லியே," என்றான் சம்பந்தம்.

மூவரும் போட்டோவைத் திருப்பிப் பார்த்தார்கள். பின்னால் மறுபக்கம் இல்லை, காப்பிக் கறைதான் இருந்தது.

"இல்லாத பக்கத்துல கை வெச்சா அது மாத்தம் ஆயிடும். பொண்ணு போயிடும்," என்றான் ஏகாம்பரம். மறுபக்கத்தை ஓட்டையும் உடைசலுமாக அப்படியே விட்டார்கள்.

டவுனிலிருந்து வந்த மெக்கானிக் தாவீது நல்ல வேலைக்காரர். இரண்டே நாளில் இன்ஜின் புதுசுபோலக் கிளம்பிப் புகை கக்கியது. ஏகாம்பரம் சந்தோஷத்தில் அழுதுவிட்டான்.

"போட்டோவுல புகை இல்லியேண்ணே," என்றான் சம்பந்தம்.

"தண்ணியும் இல்ல. மணல்லதான் நிக்குது," என்றான் கலியபெருமாள்.

ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்ஜினை அணைத்தான். தாவீது கூலிகூடக் கேட்காமல் பஸ் ஏறிவிட்டார்.

தை முதல் வெள்ளியன்று, ஓடக்கூடிய இன்ஜினோடு அந்தப் படகை ஊர்க்காரர் பன்னிரண்டு பேரும் தம்பிகளும் தோளில் தூக்கிக்கொண்டு, காயலைச் சுற்றி எட்டு மைல் நடந்தார்கள். ஏகாம்பரம் உடம்பெல்லாம் சாம்பல் பூசி, உச்சந்தலையிலிருந்து கால்வரை சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். அக்கரை மணலில் படகை இறக்கியதும் தூக்கிவந்தவர்கள், தாங்கள் போட்டோவில் இல்லை என்பதால், படகுக்குப் பின்னால் குப்புறப் படுத்தார்கள். ஏகாம்பரம் படகில் ஏறி, போட்டோவில் அப்பா நிற்பதுபோலவே இன்ஜின் மேல் கை வைத்து, வாயை மூடி அசையாமல் நின்றான்.

பக்கிரிசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "அதே படகு. அதே கோடு," என்றார். பிறகு கேட்டார்: "மாப்ளே, பொண்ணைக் கட்டிக்கச் சம்மதந்தானே?"

ஏகாம்பரம் பேசவில்லை.

"சம்மதமா, இல்லியா?"

மளிகைக்கடைக்காரர் பக்கத்தில் தாம்பூலத்தட்டோடு தயாராக உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தால் போட்டோ கெட்டது. திறக்காவிட்டால் பெண் போனாள். போட்டோவில் அப்பா அழவில்லை என்பதால் ஏகாம்பரத்துக்கு அழவும் வழியில்லை.

"கடைசியாக் கேக்குறேன்," என்றார் பக்கிரிசாமி.

அப்போது தில்லைநாயகி வந்தாள். ஏகாம்பரத்தின் இடுப்பில் செருகியிருந்த போட்டோவை உருவி, அதையும் படகையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அவரு எப்படிப்பா பேசுவாரு? போட்டோ இன்னும் முடியலையே. ஓரத்துல உங்க பாதியைக் காணோம்."

பக்கிரிசாமி நாக்கைக் கடித்துக்கொண்டார். ஓடிப்போய்ப் பூவரச மரத்துக்குப் பின்னால் ஒரு பாதியை மறைத்து, மறு பாதியை வெளியே நீட்டி நின்றார். தில்லைநாயகி முந்தானையைத் தலையில் போட்டுக் குனிந்து, போட்டோக்காரர்போல, "ரெடி... ஆச்சு," என்றாள்.

"சம்மதம் மாமா, சம்மதம்," என்று ஏகாம்பரம் கத்தினான்.

மளிகைக்கடைக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு நடந்தார். ஓடினார் என்றும் சொல்லலாம்.

பக்கிரிசாமி மரத்தை விட்டு அசையவில்லை. "இந்தப் பாதிக்குச் சம்மதம். மரத்துக்குப் பின்னால இருக்கிற பாதி இன்னும் படகையே பாக்கலையே. அதைக் கேக்காம நான் எப்படி முடிவு சொல்றது?"

நியாயம் என்று எல்லாருக்கும் பட்டது. படகைப் பார்த்துவிட்ட கண்ணைத் துண்டால் கட்டி, பார்க்காத பாதியைக் கைப்பிடித்து அழைத்துப் போனார்கள். அந்தப் பாதி நேரே படகின் மறுபக்கத்தில் போய் நின்றது. ஓட்டை, உடைசல், அடைகாக்கும் கோழி, குப்புறக் கிடந்த பதினாலு பேர்.

அந்தப் பாதி ஓட்டை ஒவ்வொன்றிலும் விரல் விட்டுப் பார்த்தது. பிறகு, "நீயும் போட்டோவுல விழலியா?" என்று படகைத் தடவிக்கொடுத்தது. "என்னை மாதிரியே. எனக்கும் சம்மதம்."

கல்யாணத்தன்று சம்பந்தி பந்தியில் பக்கிரிசாமிக்கு இரண்டு இலை போட்டார்கள்.