ஒற்றைக் கட்டம்

கடலோர ஊர் ஒன்றில், மாதா கோயிலுக்கும் மீன் ஏலக் கூடத்துக்கும் நடுவே ஒரு தொடக்கப்பள்ளி இருந்தது. அதன் நான்காம் வகுப்பில் ஒரு டேப் குடியிருந்தது. நீல உறை போட்ட, தொட்டால் விழித்துக்கொள்ளும் கைக்கணினி. பட விளக்கப்படம், பட்டை விளக்கப்படம் எல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும், சொன்னது மண்டையில் ஏறியதா என்று பரீட்சை வைத்துப் பார்ப்பதும் அதன் வேலை.

வேலை என்றால் அதற்கு உயிர். சரியான விடைக்குப் பச்சை விளக்கு, தப்பான விடைக்குச் சிவப்பு. பச்சை எரியும்போது கூடவே 'டிங்' என்று ஒரு மணியும் அடிக்கும். அதை அடிக்கும்போதெல்லாம் தானே பாஸானது போல டேப்புக்குள் ஒரு குதூகலம்.

டெல்பின் கைக்குப் போனால் மட்டும் அந்த மணி அடிக்காது.

டெல்பினின் விரல்கள் எப்போதும் சவ்வுமிட்டாய் பிசுபிசுப்போடு இருக்கும். டேப்புக்கு அந்த விரல்கள் பிடிக்கும். மற்றப் பிள்ளைகள் படபடவென்று தட்டிவிட்டுப் போவார்கள். இவள் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் விரலை வைத்து, நின்று, யோசித்துத்தான் அடுத்ததற்குப் போவாள். பக்கத்தில் இருப்பவளிடம் வேறு கேட்பாள்.

"ஏட்டி, மாம்பழம் பிடிக்கும்னு இதுல ஏழு கட்டம் இருக்குல்லா? அந்த ஏழு பேரும் யாரு?"

"யாரா இருந்தா உனக்கென்ன? ஏழுன்னு அமுக்கு!"

அதற்குள் நேரம் முடிந்துவிடும். டேப் மனசே இல்லாமல் சிவப்பைப் போடும்.

"இன்னைக்கும் உன் செல்லப்பிள்ளைக்குச் சிவப்புதானா?" என்று சுவரில் இருக்கும் பெரிய திரை சிரிக்கும். டேப் எதைக் கொடுக்கிறதோ அதைப் பெரிதாக்கிக் காட்டுவதுதான் திரையின் வேலை. நாள் முழுக்கச் சும்மா தொங்கிக்கொண்டிருப்பதால் வம்பு பேச அதற்கு நிறைய நேரம் உண்டு.

"நான் என்ன செய்ய? எனக்குத் தெரிந்தது இரண்டே நிறம்," என்றது டேப்.

ஒருநாள் சண்முகவடிவு டீச்சர் வகுப்பில் ஒரு செய்தி சொன்னார். மாதக் கடைசியில் டேப்பின் மதிப்பெண்களை மேலே அனுப்ப வேண்டுமாம். சிவப்பு அதிகம் வாங்கியவர்களுக்கு விளையாட்டு நேரத்தில் தனி வகுப்பாம்.

டெல்பின் முகம் சுருங்கிப் போனது. கோ-கோ ஆட்டத்தில் அவளைத் தொட்டுவிட அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் கிடையாது. மைதானத்தில் அவள் ஓடுகிற சத்தத்தை ஜன்னலோரம் சார்ஜ் ஏறியபடியே டேப் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறது. அந்த ஓட்டத்தை நிறுத்தப் போவது தன் சிவப்புதான் என்று நினைத்ததும் அதற்கு உள்ளுக்குள் சூடேறியது. சார்ஜரைக் கழற்றிய பிறகும் அந்தச் சூடு ஆறவில்லை.

மறுநாள் டீச்சர், "புத்தகத்து மாம்பழம் போதும். நம்ம வகுப்பைப் பற்றியே ஒரு படம் போடுவோம். என்ன கேள்வி கேட்கலாம்?" என்றார்.

ஆளுக்கொன்று கத்தினார்கள். கடைசியில், 'காலையில் எந்தச் சத்தம் கேட்டு முழிக்கிறாய்?' என்ற கேள்வி நின்றது. அம்மா குரல், மாதா கோயில் மணி, படகு மோட்டார் என்று மூன்று படங்களை டீச்சர் டேப்பில் ஏற்றினார். இதில் எதுவும் இல்லாதவர்கள் எழுதிக்கொள்ளக் கீழே ஒரு காலி இடமும் வைத்தார்.

டேப் கை மாறிக் கை மாறிப் போனது. நாலாவது வரிசையில் அன்சியா வாங்கினாள். அவள் குரலை வகுப்பில் கேட்டவர்கள் குறைவு. பேர் கூப்பிட்டால்கூட எழுந்து நின்று தலையைத்தான் ஆட்டுவாள். மூன்று படங்களையும் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் திரையை மறைத்துக்கொண்டு, காலி இடத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எழுதினாள்.

'அப்பா இருமல்.'

எல்லாரும் முடித்ததும் டேப்புக்குள் பட்டைகள் முளைத்தன. அம்மா குரல் பட்டை கிடுகிடுவென்று உயர்ந்து உச்சியைத் தொட்டது. அதற்கடுத்து மணிப் பட்டை. அதற்கடுத்து மோட்டார் பட்டை. ஓரத்தில் சேவல், அலாரம், இருமல் என்று ஒற்றைக் கட்டத்தோடு மூன்று குட்டிப் பட்டைகள்.

"ஆத்தாடி, எம்புட்டு உயரம்! மேலே இருந்து பார்த்தா கடலே தெரியுது!" என்றது அம்மா குரல் பட்டை.

"கொஞ்சம் குனிஞ்சு பேசு," என்றது மணிப் பட்டை. "வீட்டுக்கு ஒரு அம்மா இருந்தா, வீட்டுக்கு ஒரு கட்டம் உனக்குத்தானே."

ஓரத்துக் குட்டிப் பட்டைகள் மூன்றும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. டேப் அவற்றின் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஒருவர் மட்டும் இருக்கும் பட்டைகளை ஒன்றாகச் சேர்த்து 'மற்றவை' என்று பெயர் வைக்க வேண்டும். எனக்கு அப்படித்தான் விதி எழுதியிருக்கிறது. படம் பார்க்க அழகாக இருக்கும்."

சேவல் பட்டை, "எங்கே நின்னா என்ன, நின்னா சரி," என்று உடனே நகர்ந்தது. அலாரம் பட்டையும் போனது. இருமல் பட்டை அசையவில்லை.

"நான் மற்றவை இல்லை," என்றது.

"ஒரே ஒரு கட்டம்தானே நீ?"

"ஒண்ணுதான். ஆனா அந்த ஒண்ணை எழுத அந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டா? கையால மறைச்சுல்லா எழுதினா. வாய் திறந்து யார்கிட்டயும் சொல்லாததை உன்கிட்ட சொல்லியிருக்கா. அதைப் போய் அழிக்கப் போறியா?"

"அழிக்கவில்லை. சேர்க்கிறேன்."

"பேரு போச்சுன்னா எல்லாம் ஒண்ணுதான்."

அது சொன்னது டேப்புக்கு உறைத்தது. ஆனால் விதி விதிதான். கண்ணை மூடிக்கொண்டு மூன்றையும் ஒன்றாக்கிப் படத்தைப் பெரிய திரைக்கு அனுப்பியது.

"எந்தச் சத்தம் கேட்டு அதிகம் பேர் முழிக்கிறாங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"அம்மா குரல்!" என்று வகுப்பே கத்தியது.

டெல்பின் மட்டும் கை தூக்கினாள். "டீச்சர், மற்றவைன்னா யாரு?"

"மற்றவைன்னா வேற வேற சத்தம்மா."

"வேற என்ன சத்தம் டீச்சர்? மூணு கட்டம் இருக்கு. மூணு பேருக்கும் ஒரே சத்தமா?"

யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. டேப்பைக் கையில் எடுத்து, 'மற்றவை' மேல் விரலை வைத்தார். டேப் அந்த விரலுக்காகவே காத்திருந்தது போலச் சட்டென்று திறந்துவிட்டது. சேவல், அலாரம், அப்பா இருமல் என்று மூன்றும் தனித்தனியாகத் திரையில் வந்து நின்றன.

"இருமலா!" என்று பின் பெஞ்சில் ஒரு சிரிப்பு கிளம்பியது. அன்சியாவின் தலை இன்னும் கீழே போனது.

டேப்பில் யார் எதை எழுதினார்கள் என்று பார்க்க வழி உண்டு. டீச்சர் அதைத் தேடவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி நின்றார். அப்போது டெல்பின் எழுந்தாள்.

"டீச்சர், ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு ஆளுதானே? அவங்கவங்க வந்து அவங்கவங்க கட்டத்தைத் தொடட்டுமே. அப்பத்தான் எனக்குப் புரியும்."

"சரி வா. நீயே முதல்ல தொடு."

டெல்பின் ஓடி வந்து மணிப் பட்டையில் ஒரு கட்டத்தில் கை வைத்தாள். அவ்வளவுதான், வகுப்பு மொத்தமும் திரையைச் சூழ்ந்துகொண்டது. அம்மா குரலின் உச்சிக் கட்டத்தைத் தொட இரண்டு பேர் பெஞ்சில் ஏறினார்கள். "தள்ளுடி, அது என் கட்டம்!" என்று சண்டை. பெரிய திரை, "ஐயோ கூசுதே, கூசுதே!" என்று நெளிந்தது. அதன் பிழைப்பில் அப்படியொரு சந்தோஷத்தை அது கண்டதில்லை. பட்டையைப் பார்த்தால் தூக்கம் வந்த பிள்ளைகள்கூட அன்று தங்கள் கட்டத்தை விட்டுக் கையை எடுக்கவில்லை.

எல்லாக் கட்டத்திலும் கை இருந்தது, ஒன்றைத் தவிர.

பேச்சு மெல்ல அடங்கியது. அன்சியா தன் இடத்தில் இருந்து எழுந்தாள். யாரையும் பார்க்காமல் நடந்து வந்து, ஓரத்துக் குட்டிப் பட்டையின் மேல் தன் கையை வைத்தாள். இந்த முறை மறைப்பதற்காக வைக்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. டெல்பின் மணிப் பட்டையை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"எத்தனை நாளா இருமுறாங்க அப்பா?" என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

அன்சியாவின் குரல் வந்தது. "திருவிழாவுக்கு முந்தியே டீச்சர்."

திருவிழா முடிந்து மாதம் இரண்டு ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் டீச்சர் டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு அன்சியாவின் வீட்டுக்குப் போனார். பள்ளிக்கூட வாசலை டேப் தாண்டியது அதுதான் முதல் தடவை. பைக்குள் உப்புக் காற்று வந்தது. வலை உலர்த்துகிறவர்களின் பேச்சு கேட்டது. பிறகு ஒரு வீட்டுக்குள்ளிருந்து அந்த இருமல் கேட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி தொடங்கும் இருமல்.

தனக்குள் இருந்த ஒரு கட்டத்தின் சத்தத்தை டேப் அப்போதுதான் முதல்முதலாகக் கேட்டது. இதையா 'மற்றவை' என்று எழுதினோம் என்று அதற்கு வெளிச்சமே மங்கிப்போனது.

அன்சியாவின் அப்பா கில்பர்ட், "ஒண்ணுமில்ல டீச்சர். கடலுக்குப் போறவனுக்குக் காத்து ஒத்துக்கலன்னா இருமத்தான் செய்யும்," என்று சமாளித்தார். இருமல் என்று தெரிந்தால் படகில் ஏற்றிக்கொள்ள மாட்டார்களே என்ற பயம் அவருக்கு.

டீச்சர் வாக்குவாதம் செய்யவில்லை. டேப்பை எடுத்துப் படத்தைக் காட்டினார்.

"பாருங்க அண்ணாச்சி. இந்தப் பிள்ளைங்க மணிச் சத்தத்துல முழிக்கிறாங்க. இவங்க அம்மா கூப்பிட்டு முழிக்கிறாங்க. உங்க மகள் இதோ, இங்க இருக்கா."

கில்பர்ட் அந்த ஒற்றைக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "நான் சொன்னா கேக்காத மனுசன் டீச்சர்," என்றார்.

"இவ தூங்குறான்னு நினைச்சுத்தான் தலையணையில வாயப் பொத்திக்கிட்டு இருமுவேன்," என்றார் கில்பர்ட் கடைசியில். "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போறேன் டீச்சர்."

சொன்னபடி போனார். சளியைப் பரிசோதித்ததில் காசநோய் என்று வந்தது. முற்றவில்லை, மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும் என்றார் டாக்டர். வீட்டில் எல்லாரையும் பரிசோதித்தார்கள். அன்சியாவுக்கும் அவள் அம்மாவுக்கும் ஒன்றுமில்லை.

மதிப்பெண் அனுப்பும் நாள் வந்தது. டீச்சர் டெல்பினின் பழைய விடைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். தப்பு என்று ஒன்றுகூட இல்லை. எல்லாமே நேரம் தீர்ந்து போனவை. அவர் டேப்பின் கடிகாரத்தை நிறுத்திவிட்டு அதை டெல்பினிடம் கொடுத்தார்.

"அவசரமே இல்லை. உன் இஷ்டத்துக்குப் பாரு."

பிசுபிசுத்த விரல் ஒவ்வொரு கட்டமாக ஊர்ந்தது. டேப் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. 'டிங்.' மறுபடியும் 'டிங்.' கடைசிக் கேள்வி வரைக்கும் 'டிங்'.

"உனக்கே வலிக்கப் போகுது, மெல்ல அடி," என்றது பெரிய திரை.

அன்று விளையாட்டு நேரத்தில் டெல்பின் கோ-கோ ஆடினாள். அன்சியாவையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள்.

ஆண்டுத் தேர்வுக்கு முன்னால், இரண்டு படங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் பாடம் வந்தது. டீச்சர் அதே கேள்வியை வகுப்பில் மறுபடி கேட்டார். டேப் மறுபடி கை மாறிப் போனது. அன்சியா வாங்கினாள், மாதா கோயில் மணியைத் தொட்டாள், பக்கத்தில் கொடுத்துவிட்டாள்.

உள்ளே பட்டைகள் வளர்ந்தன. விதிப்படி, ஆளே இல்லாத பட்டையை நீக்கிவிட வேண்டும். ஆனால் 'அப்பா இருமல்' என்ற பேரை மட்டும் டேப் அதன் இடத்திலேயே வைத்திருந்தது. பேருக்கு மேலே ஒரு கட்டம்கூட இல்லை. வெறும் கோடு.

அம்மா குரல் பட்டை உச்சியிலிருந்து எட்டிப் பார்த்துப் பரிதாபப்பட்டது. "அடப் பாவமே, இருந்த ஒண்ணும் போயிடுச்சா உனக்கு?"

இருமல் பட்டை தரையோடு தரையாகப் படுத்தபடி சிரித்தது.

"இதுக்குத்தான் அக்கா, அன்னைக்கு எழுந்து நின்னேன்."