ஏழு இலை

"இந்தப் பாட்டை நான் படிக்க மாட்டேன் டீச்சர்" என்றாள் பஞ்சவர்ணம்.

ரெஜினா டீச்சருக்கு வயது முப்பத்திரண்டு. பஞ்சவர்ணத்துக்கு ஐம்பத்தொன்று. காலேஜ் ஹாஸ்டலில் சமையல் வேலை. பத்தாவது பாஸ் செய்தால் அங்கேயே ஸ்டோர் கீப்பர் ஆகலாம், அடுப்படியை விட்டு வெளியே வரலாம். எல்லாம் பாஸ், தமிழ் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. போன தடவை நாலே நாலு மார்க்கில் போனது. அதற்குத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு.

"பாட்டு என்னக்கா செய்தது உங்களை?"

"கொட்டுற மழையில ஆறு பேரைக் கூட்டிட்டு வாரான் புருசன். சொல்லாம கொள்ளாம. இவ ஆக்கிப் போடுறா. முகம் கோணலையாம், சிரிச்சாளாம். அதுக்கொரு பாட்டு. எழுதுனவனுக்கு என்ன, தின்னு ஏப்பம் விட்டுட்டு எழுதியிருக்கான்."

எழுதியது யாரென்று யாருக்கும் தெரியாது. பாட்டின் கீழே பெயர் இல்லை.

"சரி, அந்தப் பொம்பளையே பேசுற மாதிரி ஒரு பக்கம் எழுதுங்க."

"எழுத மாட்டேன். பன்னிரண்டு வரியில அவளுக்கு ஒரு வார்த்தை கொடுக்கல. இப்ப நான் இரவல் வாய் கொடுக்கணுமாக்கும்."

வேறு டீச்சராக இருந்தால் வெளியே போகச் சொல்லியிருப்பார். ரெஜினா டீச்சர் பையைத் துழாவி, பேப்பர் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்து நீட்டினார்.

"திருத்துங்க."

"எதை?"

"பாட்டை. தப்புன்னு படுற வரிக்குக் கீழே கோடு போடுங்க. ஓரத்துல ஏன்னு எழுதுங்க. காரணம் இல்லாம கோடு போடக் கூடாது."

பஞ்சவர்ணம் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை நாளும் அந்த மை அவள் பேப்பரில்தான் விழுந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு பாட்டுப் பக்கம் சிவந்துபோய் வந்தது.

'நொடியில் சமைத்தாள்' என்ற வரியின் ஓரத்தில்: மழை நாள், ஈர விறகு, பொய். 'சிரித்தாள்' என்ற வரியின் ஓரத்தில்: அடுப்புப் புகையில் யார் பார்த்தது?

ஆறாவது வரியில் மட்டும் கோடு இல்லை.

"இதை ஏன்க்கா விட்டீங்க?"

"போடத்தான் போனேன். கை வரல."

"ஏன்?"

"ஏழு இலை போட்டாள்னு இருக்கு. விருந்தாளி ஆறு, புருசன் ஒண்ணு. கணக்கு சரியாப் போச்சு. அவளுக்கு இலை இல்ல."

டீச்சர் குனிந்து அந்த வரியைப் பார்த்தார்.

"திங்கிறவன் இலையை எண்ண மாட்டான் டீச்சர். என்ன கறின்னுதான் பார்ப்பான். எச்சில் இலை எடுக்கிறவதான் எண்ணுவா. ஹாஸ்டலுக்கு வர்றதுக்கு முன்னாடி கல்யாணப் பந்தியில நான் எத்தனை வருசம் எண்ணியிருக்கேன். இதை எழுதினது ஒரு பொம்பளை. அவ யாரையும் பாராட்டல. எல்லாரும் தின்னாங்க, நான் தின்னலன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. தெரியாம நான் அவளைப் போய்த் திட்டிட்டேன்."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ரெஜினா டீச்சர் ஒன்பது வருடமாக அந்தப் பாட்டை நடத்துகிறார். ஒரு தடவைகூட இலையை எண்ணியதில்லை.

பையிலிருந்து பரீட்சை நோட்ஸை எடுத்து விரித்துக் காட்டினார்.

"பரீட்சையில இந்தப் பாட்டு வந்தா, 'பெண்ணின் விருந்தோம்பலைப் புலவர் போற்றுகிறார்'னு இதுல இருக்கிறதை எழுதுங்க, அஞ்சு மார்க். நீங்க சொல்றதை எழுதினா திருத்துறவர் முட்டை போட்டாலும் போடுவார். போன தடவை நாலு மார்க்குல போச்சு. யோசிச்சுக்கோங்கக்கா."

பஞ்சவர்ணம் நோட்ஸை மூடி டீச்சர் பக்கமே தள்ளினாள்.

"போடட்டும் டீச்சர். அவரும் தின்னுட்டு எந்திரிச்சுப் போன ஆளாத்தான் இருப்பாரு."